மேடையில் நீ சொல்லாமல் விட்ட வாக்கியம்

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று பாரிசுக்குப் பக்கத்துப் பொபினியில் ட்ராம் தரிப்பிடத்துக்கு எதிரே ஒட்டியிருக்கும் சுவரொட்டியே சொல்லுகிறது. நகரசபைத் தேர்தலில் உன்னோடு நிற்கிறவர்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, நீ மட்டும் உதட்டை மூடி அளவாகச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அது உன்னுடையது இல்லை, சேர்மனுடையது. பத்து வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் நான்; அவர் எப்போது எப்படிச் சிரிப்பார் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை உன் போனுக்கு அனுப்பியிருக்கலாம். நீளமான செய்தி வந்தால் நீ ஒரு பெருவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவாய். வீட்டுக்கு வரும்போது சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்ததும் அம்மா கண்ணைக் கசக்குவாள், நீ சாப்பாட்டுக் கோப்பையை அரைவாசியில் தள்ளிவிட்டு எழும்புவாய். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். அதனால்தான் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் மரக்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கிற இந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிறேன். பெயர்கள் போடவேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். போடாவிட்டாலும் முருங்கைக்காய் வாங்க வருகிற எல்லோருக்கும் எந்தத் தகப்பன் எந்த மகனுக்கு எழுதியிருக்கிறான் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். நீ ஒரு சபையில் சொல்லாமல் விட்டதை நானும் சபையில்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் ரூபெல். எங்களோடு உணவகக் குசினியில் வேலை செய்த பெங்காலிப் பொடியன் ரூபெல், செய்யாத குற்றத்துக்காக அவனுடைய நாட்டில் சிறையில் இருக்கிறான். அவன் அதைச் செய்யவில்லை என்பதற்கு அந்த நேரம் முழுவதும் அவனுக்குப் பக்கத்திலேயே நின்ற மூன்று சாட்சிகள் இந்த உலகத்தில் இருக்கிறோம். ஒருவர் சேர்மன். ஒன்று நான். மற்றது நீ. வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக முதலில் இருந்து சொல்லுகிறேன். உனக்கும் ஒருமுறை ஞாபகப்படுத்தினால் குறைந்து போகாது.

சேர்மன் எங்கள் உணவகத்துக்கு வந்த நாள் உனக்குத் தெரியாது. நீயும் அம்மாவும் அப்போதுதான் இங்கே வந்து சார்செல்லில் பள்ளிக்கூடம் தேடி அலைந்துகொண்டிருந்தீர்கள். கோப்பை கழுவ ஆள் வேண்டும் என்று எங்கள் முதலாளி, பத்ரோன், யாரிடமோ சொல்ல, கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு ஒரு மனிதர் வந்து நின்றார். நான் அவரை உணவுப் பரிசோதகர் என்று நினைத்து அடுப்படியை அவசரமாகத் துடைத்தேன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு, பிசுக்குச் சட்டிகளுக்கு முன்னால் அவர் நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பங்களாதேஷில் ஒரு உபஜில்லாவுக்கு, அதாவது எங்கள் ஊர்ப் பிரதேச சபை மாதிரியான ஒன்றுக்கு, மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த தலைவராக இருந்தவர். கல்லூரியில் மாணவர் சங்கம், பிறகு சந்தையில் மீன் மொத்த வியாபாரம், பிறகு கட்சி, பிறகு கதிரை என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். குசினியில் எல்லோரும் சேர்மன் என்றுதான் கூப்பிட்டோம். செஃப் மட்டும் 'மிசியூ லு மேர்' என்று கூப்பிட்டு, 'நகரபிதா அவர்களே, இந்தத் தாச்சியில் இன்னும் எண்ணெய் இருக்கிறது' என்பார். சேர்மன் கோபிக்க மாட்டார். தாச்சியை வாங்கித் திரும்பவும் தேய்ப்பார்.

அவர் ஏன் ஓடி வந்தார் என்பதை நீ அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறாய். அவர்களுடைய நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது பஸ் எரிந்தால், கல்லெறி நடந்தால், பொலிசில் வழக்குப் பதியும்போது முதலில் கொஞ்சப் பேருடைய பெயரை எழுதுவார்கள். அதற்குக் கீழே, 'இன்னும் பெயர் தெரியாத இருநூறு பேர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். விஷமே அந்த வரியில்தான் இருக்கிறது. பிறகு யாரைப் பிடிக்க ஆசையோ அவரைப் பிடித்து, அந்த இருநூறில் இவரும் ஒருவர் என்று சொன்னால் போதும். அப்போது ஆட்சியில் இருந்த கட்சி சேர்மனை அப்படித்தான் ஒரு பஸ் எரிப்பு வழக்கில் போட்டது. பஸ் எரிந்த நேரத்தில் அவர் பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறார். பல் இல்லாத அந்த இடத்தை எங்கள் எல்லோருக்கும் விரலால் உதட்டை இழுத்துக் காட்டுவார். 'பொலிசுக்கும் காட்டினேன் அண்ணை. சட்டம் தன் கடமையைச் செய்யும் என்றான்' என்பார். அதைச் சொல்லும்போது அந்தப் பொலிஸ் அதிகாரி மாதிரியே வயிற்றைத் தள்ளி, கண்ணை அரைவாசி மூடி, குரலை இழுத்துச் சொல்லுவார். குசினியே சிரிக்கும். எங்களுக்குள் யாராவது தட்டை உடைத்தால்கூட 'சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்று சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு அது எங்கள் பகிடியாகிவிட்டது.

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கசக்காது. நோன்பு காலத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல், நீராவிக்குள் நின்று சட்டி தேய்த்த மனிதர். எனக்குப் பித்தப்பை ஒப்பரேஷன் நடந்தபோது தன் லீவு நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மாவைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி என் பக்கத்தில் இருந்தவர். அவருக்குப் பிரெஞ்சு சரியாக வராது, எனக்குப் பெங்காலி ஒரு சொல்லும் தெரியாது. குசினிப் பிரெஞ்சில் நாங்கள் இருவரும் பேசாத விஷயம் இல்லை. லாச்சப்பல் பொடியள் கூப்பிடுவதைக் கேட்டு 'அண்ணை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட மூத்தவரான அவர் கடைசிவரைக்கும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டார்.

அரசியல் மட்டும் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கட்சியின் பாரிஸ் கிளைக் கூட்டத்துக்குப் போவார். ஒரு தலைவர், ஒரு கூட்டம் உபதலைவர்கள், அதைவிடப் பெரிய கூட்டம் இணைச் செயலாளர்கள். முன்வரிசையில் யாருடைய கதிரை நடுவில் என்பதில் சண்டை வந்து கிளை இரண்டாக உடைந்தது, பிறகு மூன்றாக உடைந்தது, ஒவ்வொரு உடைவிலும் சேர்மன் ஒரு படி மேலே போனார். நாங்களும் திறமில்லை. ஒரே ஊருக்கு இரண்டு சங்கம், ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கிற எங்களுக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க வாய் இல்லை. நீ பத்தாம் வகுப்புப் படிக்கிறபோது அவரோடு அந்தக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினாய். வதிவிட அட்டை கொடுக்கிற பிரெபெக்சூரில் அவருக்கு மொழிபெயர்க்கப் போனவன், அப்படியே அவருடைய வாலைப் பிடித்துக்கொண்டாய். மேடையில் ஏறினால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், ஒரு கையைப் பிடிக்கும்போது மற்றக் கையை எங்கே வைக்க வேண்டும், பிடிக்காதவன் வந்தால் எப்படிக் கட்டிப்பிடிக்க வேண்டும் எல்லாம் அவர் உனக்குப் பழக்கினார். 'அண்ணை, உங்கள் மகன் ஒருநாள் இந்த ஊரை ஆளுவான்' என்று சொல்லுவார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ரூபெல் அவருக்குப் பிறகு வந்தவன். அதே உபஜில்லா, ஆனால் மற்றக் கட்சிக் குடும்பம். அவனுடைய தாய்மாமன் அந்த ஊரில் அப்போதைய ஆளும் கட்சியின் பெரிய மனிதர். தன்னை அந்த வழக்கில் மாட்டியதே அந்த மாமன்தான் என்று சேர்மன் சத்தியம் செய்வார். ஆனால் பாரிசில் ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன்தானே துணை. ரூ பஜோல் தெருவுக்குக் கிட்ட ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் இரண்டு பேரும் இரட்டைக் கட்டிலில் கிடந்தார்கள், சேர்மன் கீழே, ரூபெல் மேலே. ரூபெலுக்குக் கிரிக்கெட்டைத் தவிர எந்தக் கட்சியும் தெரியாது. சேர்மன் அவனுடைய மாமனைத் திட்டத் தொடங்கினால் காதுக்குள் ஹெட்போனைச் செருகிக்கொண்டு கிழங்கு தோல் உரிப்பான். சேர்மனுக்கு முதுகெலும்பில் பிடித்து எழும்ப முடியாமல் கிடந்த மாதம், பத்ரோன் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்ற பயத்தில் ரூபெல் தன்னுடைய வேலையையும் முடித்து அவருடைய சட்டிகளையும் கழுவினான். அவரைத் தூக்கிக் குளிக்க வைத்தான். நீயும் நானும் அந்த அறைக்குச் சாப்பாடு கொண்டு போனோம். அன்றைக்குச் சேர்மன் அழுதார். 'இவனுடைய மாமன் என்னை நாட்டைவிட்டுத் துரத்தினான், இவன் என்னைத் தூக்கிச் சுமக்கிறான். எனக்கு ஆண்பிள்ளை இல்லை அண்ணை. இவன்தான் என் பிள்ளை' என்றார். நீயும் கேட்டாய்.

பிறகு அந்த ஒலிம்பிக் கோடை. பாரிசில் சனம் நிரம்பி வழிந்தது. எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் மூச்சு விட நேரமில்லை. நீயும் லீவுக்கு வந்து சாப்பாடு பரிமாறினாய். அதே நாட்களில் அவர்களுடைய நாட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். சேர்மனின் ஊர்ச் சந்தியில் ஊர்வலம் போனபோது துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாணவன் செத்துப்போனான். அந்த நாள் எங்கள் மூன்று பேருக்கும் மறக்காது, ஏனென்றால் அன்றைக்குத்தான் கோப்பை கழுவுகிற இயந்திரம் நின்றுபோனது. காலையிலிருந்து கடை பூட்டும்வரை ரூபெல் கையால் கழுவினான், சேர்மன் பக்கத்தில் நின்று துடைத்தார், நீ ஓடி ஓடிக் கொண்டு போனாய், நான் அடுப்பில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினேன். போன் ஒருவர் கையிலும் இல்லை. பொரிக்கிற எண்ணெய்க்குள் ஒருவன் போனை விழுத்திக் கையைச் சுட்டுக்கொண்ட நாளிலிருந்து, வேலைக்கு வந்ததும் எல்லோருடைய போனையும் வாங்கி உடுப்பு மாற்றுகிற அறையில் பூட்டி வைப்பது எங்கள் செஃப்பின் சட்டம். வேலை முடிந்து போனைக் கையில் எடுத்தபோதுதான் சேர்மன் செய்தியைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரூபெலின் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

கொஞ்ச நாளில் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. சேர்மன் ஊருக்குக் கிளம்பினார். பத்ரோன் ஷம்பெய்ன் உடைத்தார், சேர்மன் ஆரஞ்சுச் சாறு குடித்தார். விமானத்தால் இறங்கிய மனிதரை மாலைகளுக்குள் தேட வேண்டியிருந்தது. வீடியோவைப் பார்த்து அம்மாகூட, 'பாவம், நல்லாயிருக்கட்டும். எத்தினை வருசம் கஷ்டப்பட்ட மனுசன்' என்றாள். ரூபெலின் மாமன் ஓடி ஒளித்துவிட்டார். கோப்பை கழுவுகிற இடத்துக்கு வேறொருவன் வந்தான். எல்லாம் அத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டு இருக்க மாட்டேன்.

போன வருடம் ரூபெலின் தாய்க்கு வருத்தம் கூடியது. கண் மூடுவதற்குள் அவனுக்குக் கலியாணம் செய்து பார்க்க வேண்டும் என்று அந்த மனுசி ஒற்றைக்காலில் நின்றது. அவனுக்குப் போகப் பயம். மாமனின் பெயரால் ஏதாவது வருமோ என்று சேர்மனுக்கே போன் எடுத்துக் கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன், சேர்மன் சொன்னதை ரூபெல் எனக்குக் குசினிப் பிரெஞ்சில் மாற்றிச் சொன்னான். 'வா மகனே, உன்னை யார் தொடுவான்? நான் இருக்கிறேன்' என்றார். ரூபெல் என்னிடம் திரும்பி, பயந்ததற்கு வெட்கப்படுகிறவன் மாதிரிச் சிரித்தான். போய் ஒரு கிழமைக்குள், கலியாணப் பொண்ணுக்குச் சேலை எடுக்கச் சந்தைக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மாணவன் செத்த வழக்கில், பெயர் தெரியாத இருநூறு பேரில் அவனும் ஒருவனாம். வழக்குப் போட்டவர்கள் சேர்மனின் கட்சிக்காரர்கள். அவனுடைய தங்கை பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய், அவன் அன்றைக்கு நாட்டிலேயே இல்லை என்று காட்டினாள். அப்படியானால் பாரிசிலிருந்து போனில் ஏவிவிட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். பாரிசில் அவன் சவர்க்கார நுரைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்று துடைத்தவர் அவர்களுடைய தலைவர்.

செத்த பிள்ளைக்கு நீதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவனைப் பெற்றவர்களின் வயிறு எப்படி எரியும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் சுட்டவனை விட்டுவிட்டு, கிழங்கு உரித்தவனைப் பிடித்து அடைத்தால் அந்தத் தாய்க்கு என்ன ஆறுதல்? அவனுடைய மாமன் கிடைக்கவில்லை, மருமகன் கிடைத்தான், அவ்வளவுதான்.

சேர்மனுக்கு எத்தனை முறை போன் எடுத்தேன் என்று அம்மாவைக் கேள். செயலாளர் எடுப்பார், 'லீடர் கூட்டத்தில் இருக்கிறார்' என்பார். பிறகு அவரே பாரிசுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கே வரப்போகும் தேர்தலுக்கு வெளிநாட்டில் இருக்கிற பெங்காலிகளின் ஆதரவைத் தேடி ஒவ்வொரு நகரமாகச் சுற்றுகிறார், லாச்சப்பலில் மண்டபம் எடுத்து வரவேற்பு வைக்கிறார்கள், மேடையில் பேச உனக்கும் அழைப்பு. எனக்கு அன்றைக்குத்தான் நித்திரை வந்தது. உன்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்டேன். 'ரூபெல் அன்றைக்கு எங்களோடு வேலையில் நின்றவர், சேர்மனும் நின்றவர், அவரை விடுவிக்க வேணும்.' எல்லாருக்கும் முன்னால் இதைச் சொன்னால் அவரால் தலையாட்டாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த அரசியலை அவரிடம் படித்தவன் நீ, உனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மெத்ரோவில் வரும்போது, 'ஓம் அப்பா, சொல்லுறன். கடைசியா சொன்னால்தான் எடுபடும்' என்றாய். நான் முன்வரிசையில் போய் இருந்தேன்.

நீ நன்றாகப் பேசினாய். பிரெஞ்சில் தொடங்கி, நடுவில் நாலு வசனம் பெங்காலியில் பேசி, கைதட்டு வாங்கினாய். இந்த மனிதர் எனக்குச் சித்தப்பா மாதிரி என்றாய். ஜனநாயகம் என்றாய், மனித உரிமை என்றாய், அகதியின் கண்ணீர் என்றாய். ஒவ்வொரு வசனம் முடியும்போதும் அடுத்தது ரூபெல், அடுத்தது ரூபெல் என்று நான் கதிரையின் நுனிக்கு வந்துகொண்டிருந்தேன். நீ பூச்செண்டைக் கொடுத்தாய். அவர் உன்னைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் ஒரே அளவாகச் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றீர்கள். உன் முறை முடிந்துவிட்டது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சேர்மன் கீழே இறங்கி வந்து, எல்லோருடைய போனும் படம் எடுக்க, என்னைக் கட்டிப்பிடித்து, 'அண்ணை, மெலிந்து போனீர்கள்' என்றார். நான் அவர் காதுக்குள் ரூபெல் என்றேன். சிரிப்பை மாற்றாமலே, 'தேர்தல் முடியட்டும் அண்ணை' என்றார்.

வெளியே வந்ததும் உன்னைக் கேட்டேன். நீ எப்போதும் போல், சங்கடம் வந்ததும் பிரெஞ்சுக்கு மாறினாய். இது அதற்கான நேரம் இல்லை அப்பா, பொபினியில் பெங்காலி வாக்கு இல்லாமல் எங்கள் பட்டியல் வெல்லாது, வென்ற பிறகு உள்ளே இருந்து இன்னும் பெரிதாகச் செய்யலாம் என்றாய். நான் அங்கேயே கத்தியிருப்பேன். மெத்ரோ நிலையப் படியில் சனம் இறங்கிக்கொண்டிருந்தது, சனத்தோடு நானும் இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். 'அவன் சின்னப்பிள்ளையே? யோசிச்சுத்தான் செய்திருப்பான்' என்றாள். யோசித்துத்தான் செய்திருக்கிறாய், அதுதான் எனக்கு ஆறாமல் கிடக்கிறது. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் மன்னித்திருப்பேன், எனக்கும் எத்தனையோ இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2009 உனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லாதே. உனக்கு எட்டு வயது. பங்கருக்குள் என் மடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாய். பற்றரி தீர்கிற வானொலியை நான் காதோடு வைத்துக்கொண்டு, உலகத்தில் ஒரு பெரிய மனிதராவது இன்றைக்கு வாய் திறக்க மாட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் எங்களில் அனுதாபம் இருந்தது. எல்லோரும் நல்லவர்கள்தான். அவர்களுக்கும் ஏதோ ஒரு தேர்தல் இருந்தது, ஏதோ ஒரு கூட்டணி இருந்தது, பேசுவதற்கு நேரம்தான் சரியில்லாமல் இருந்தது. அவர்களுடைய நேரம் சரியாக வந்தபோது எங்களில் எத்தனை பேர் மிஞ்சியிருந்தோம் என்று உனக்குத் தெரியும். நீ தேர்தல் பிரசுரத்தில் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறாயே, 'போரில் தப்பிய குழந்தை' என்று. அந்தக் குழந்தையைக் கைவிட்டவர்கள் சொன்ன அதே காரணத்தைத்தான் நீ எனக்கு லாச்சப்பல் தெருவில் நின்று சொன்னாய். அரசியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. போ, நில்லு, வெல்லு. ஆனால் உள்ளே போன பிறகு செய்யலாம் என்று வெளியே விட்டுவிட்டுப் போகிற எதையும் உள்ளே போனவர்கள் திரும்பி வந்து எடுத்ததை நான் கண்டதில்லை. சேர்மனைவிடப் பெரிய உதாரணம் உனக்கு வேண்டுமா?

அவர்களுடைய நாட்டில் தேர்தல் முடிந்தது. சேர்மன் எம்.பி. ஆகிவிட்டார். போன கிழமை ஒருமாதிரி அவருடைய குரலே போனில் வந்தது. வாழ்த்துச் சொன்னேன். ரூபெலைக் கேட்டேன். 'அண்ணை, வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. நான் தலையிட்டால் தப்பு. சட்டம் தன் கடமையைச் செய்யும்' என்றார். பகிடி விடுகிறார், இப்போது சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குரலைக்கூட இழுக்காமல், மிகச் சாதாரணமாகச் சொன்னார். தான் யாருடைய வசனத்தைச் சொல்லுகிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு நான் குசினி வாசலில் போய் இருந்து அழுதேன். பல் பிடுங்கிய இடத்தைக் காட்டிக்கொண்டு சட்டி தேய்த்த அந்த மனிதர் செத்துப்போன மாதிரி அழுதேன்.

ரூபெலின் தாய் தை மாதம் செத்துப்போனது. கையில் விலங்கோடு கூட்டிவந்து முகம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோனார்களாம். அவனுடைய பிரெஞ்சு வதிவிட அட்டை இந்த வசந்தத்தோடு முடிகிறது. அதற்கு முன் வந்து புதுப்பிக்காவிட்டால், அவன் இங்கே உரித்த கிழங்கு முழுவதும் வீண். பத்ரோன் சம்பளத் துண்டுகளைக் கொடுத்தார், நான் அனுப்பினேன். அங்கே இருக்கிற வக்கீல், 'இதில் அவர் போன் பேசவில்லை என்று எங்கே எழுதியிருக்கிறது? அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் யாராவது வந்து சொன்னால் நீதிபதி யோசிப்பார்' என்கிறார். யாராவது என்று பொதுவாகச் சொன்னாலும் அவர் கேட்டது உன்னை. படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், எம்.பி.யோடு படத்தில் நிற்கிறவர், அவர் வந்தால் வழக்கே நிற்காது என்றார். உனக்குச் சொன்னேன். நாலு நாள் கழித்துப் பதில் போட்டாய், பிரசாரம் உச்சத்தில் இருக்கிறது என்று.

அதனால் நான் போகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். வழக்குத் திகதி உன்னுடைய வாக்களிப்பு முடிந்த அடுத்த நாள். நீ வென்ற செய்தியோ தோற்ற செய்தியோ எனக்கு அங்கேதான் வரும். அம்மா மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். 'உங்களுக்கென்ன விசரே? பாஷை தெரியாத ஊரிலை போய் எம்.பி.க்கு எதிரா நிக்கப் போறியளோ? உங்களையும் பிடிச்சு உள்ளுக்குப் போட்டால் நான் ஆரிட்டைப் போறது?' என்றாள். 'அவன்ர எலெக்சனும் எல்லோ கெட்டுப்போகும்' என்று அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இருமல் மருந்தோடு இரத்த அழுத்தக் குளிசையும் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது நடந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள். அதைச் செய்வாய் என்று தெரியும், நீ கல்நெஞ்சன் இல்லை. கல்நெஞ்சனாக இருந்தால் எனக்கு உன்னிடம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ரூபெலின் தங்கை என்னைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு வருகிறாள். அரைகுறை ஆங்கிலத்தில் போனில் வழி சொல்லும்போது ஒரு விஷயம் சொன்னாள். மண்டபத்தில் நீயும் சேர்மனும் நின்ற படத்தை அந்த ஊரில் பெரிதாக அடித்து, நீதிமன்ற மதிலில் வரிசையாக ஒட்டியிருக்கிறார்களாம். கீழே உன்னைப் பிரான்ஸ் நாட்டு அரசியல் தலைவர் என்று எழுதியிருக்கிறதாம். உள்ளே போகிற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டுமாம். நானும் போவேன். புது முகத்தைக் கண்டு யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். பிரான்சிலிருந்து வந்தவன் என்று தெரிந்தால், மதிலைக் காட்டி, அந்தப் பெரிய மனிதரைத் தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள். என் மகன் என்றுதான் சொல்லுவேன். உண்மையைச் சொல்லத்தானே அவ்வளவு தூரம் போகிறேன். நீ பிறந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் யாருக்கு முன்னாலும் தலைகுனிந்து சொன்னது கிடையாது. அன்றைக்கு அப்படித்தான் சொல்லுவேன்.

அப்பா